காசிப்பேட்டைக் கட்டத்தில் ஒரு டிக்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்று காலை முடிவு செய்தேன். உனக்குச் சிரிப்பு வரும். அப்பா எப்போது வாயை மூடினார் என்று கேட்பாய். நான் பேசிப் பேசியே இந்த வீட்டில் யாரும் பேசாமல் போனார்கள் என்பது உன் அம்மாவின் கட்சி. உண்மைதான். எல்லாவற்றையும் பேசினேன், ஒன்றைத் தவிர. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். நீ சொல்லி அனுப்பிய நிபந்தனையும் வந்து சேர்ந்தது. "அப்பா வரட்டும், தாம்பாளம் மாத்தட்டும், சாப்பிடட்டும். பேச மட்டும் கூடாது." உன் அம்மா இதை என்னிடம் சொன்னபோது ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள், முகத்தைக்கூடத் திருப்பவில்லை. சரி, கல்யாணத்தில் பேசமாட்டேன். அதனால் இங்கே பேசிவிடுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு கோயம்புத்தூரிலிருந்து பெண் வீட்டார் நம் மல்காஜ்கிரி வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். உன் மாமனார் மரியாதையான மனிதர். "தம்பி எந்தக் காலேஜுங்க?" என்று பேச்சுக்குத்தான் கேட்டார். உப்பலுக்கு அப்பால் நீ நான்கு வருடம் பஸ் மாறிப் போய்ப் படித்த கல்லூரியின் பெயரைச் சொன்னாய். அவர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை, இருந்தாலும் தலையாட்டினார். அங்கே விட்டிருக்கலாம். நான் விடவில்லை. "நல்ல காலேஜ்லயே கிடைச்சிருக்கும் சம்பந்தி. வெயிட்டிங் லிஸ்ட்ல பேர் வந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள ஒரு போன் பண்ணி சீட் வேணும்னு சொல்லணும், அவ்வளவுதான் வேலை. ஐயாவுக்கு டயல் பண்ணத் தெரியல. அதுவும் யார் பையன்? போன் கம்பெனிக்காரன் பையன்!" எல்லோரும் சிரித்தார்கள். விருந்தாளிகள், சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நீ மட்டும் கையிலிருந்த அப்பளத்தை இலையில் வைத்துவிட்டு, "சாலு அப்பா. ட்வெல்வ் இயர்ஸ். சாலு" என்று தெலுங்கும் இங்கிலீஷுமாகச் சொல்லி எழுந்து போனாய். போதும் என்றாய். அப்போதும் நான் நிறுத்தவில்லை. "பாருங்க, கோவத்தப் பாருங்க" என்று உன் காலி நாற்காலியைக் காட்டிச் சிரித்தேன். அன்றிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை.

அவர்கள் கிளம்பியபோது நீ கட்டிக்கொள்ளப்போகும் அந்தப் பெண் மட்டும் வாசலில் செருப்பு மாட்டும் சாக்கில் பின்தங்கினாள். "மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா? அன்னிக்கு அவரு பதினோரு தடவ டயல் பண்ணினாராமா. இப்பவும் எந்த நம்பரா இருந்தாலும் ஒவ்வொண்ணா வாய்விட்டு ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டுத்தானுங்க கூப்பிடறாரு. போன்ல சேவ் பண்ணி வெச்ச நம்பரக்கூட. ஏன்னு கேட்டா சிரிக்கறாரு. நீங்க சொல்லுங்க மாமா, ஏன்?" என்று கேட்டாள். லிஃப்ட் வந்துவிட்டது. கதவைப் பிடித்து நிறுத்தி அவளை உள்ளே அனுப்பினேன். நீ எண்களை வாய்விட்டுப் படிக்கிறாய் என்பதே எனக்குத் தெரியாது. பெற்ற மகனின் பழக்கத்தை எட்டு மாதம் பழகிய பெண் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அவள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று நீ கேட்டதில்லை, நானும் ஒழுங்காகச் சொன்னதில்லை. 1800 என்று தொடங்கும் எண்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கூப்பிடுகிறவனுக்குச் செலவில்லை, எண்ணை வைத்திருப்பவன் கட்டுவான். ஆனால் 1800க்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்களை யாரும் கவனிப்பதில்லை. என் உத்தியோகம் முழுவதும் அந்த மூன்று இலக்கங்களில் போயிற்று. உரிமம் பெற்ற ஒவ்வொரு போன் நிறுவனத்துக்கும் டெல்லியில் உள்ள துறை மூன்று இலக்கக் குறியீடு ஒன்றை ஒதுக்கும். அதற்குப் பின்னால் நான்கு இலக்கங்கள், ஆகப் பத்தாயிரம் எண்கள். அந்தப் பத்தாயிரமும் அந்த நிறுவனத்தின் பட்டா நிலம் மாதிரி. எண்ணை வாங்கிய வாடிக்கையாளர் நாளைக்கு வேறு நிறுவனத்துக்கு மாறினால் எண்ணை எடுத்துக்கொண்டு போக முடியாது; பலகை முதல் பில் வரை எல்லாவற்றிலும் புது எண் எழுத வேண்டியதுதான். முதலில் வந்த பெரிய நிறுவனங்கள் நாக்கில் நிற்கிற குறியீடுகளை அள்ளிக்கொண்டன. நாங்கள் கடைசியில் வந்த சின்ன நிறுவனம். மூன்று விருப்பங்கள் எழுதி அனுப்பினேன். மூன்றும் இல்லாமல், சொல்லும்போதே பல்லில் இடிக்கும் நான்காவது ஒன்று வந்தது. எங்கள் ஜி.எம். அந்தக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் ஆட்டிக்காட்டி, மூன்று நம்பர்கூட வாங்கத் துப்பில்லையா என்று கேட்டார். நான் மறக்கவில்லை. நான் எதையும் மறப்பதில்லை என்பதுதான் உனக்குத் தெரியுமே.

குறியீடு கைக்கு வந்தால் மட்டும் போதாது. போட்டி நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தங்கள் எக்ஸ்சேஞ்சுகளில், ஊர் ஊராக, நம் குறியீட்டைத் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் அவர்களுடைய போனிலிருந்து நம் எண்ணைக் கூப்பிடுகிறவனுக்கு, அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்லும். போட்டியாளன் எதற்கு அவசரப்பட்டுத் திறப்பான்? ஒரு அழைப்புக்கு எங்களிடமிருந்து எவ்வளவு பங்கு வேண்டும் என்று இழுப்பான். லெட்டர் வரவில்லை என்பான். வந்தது என்றால் பொறுப்பாளர் லீவு என்பான். அமீர்பேட்டில் அப்படி ஒரு ஆபீசில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் கழித்த நாட்களுக்குக் கணக்கில்லை. அங்கே ஒரு அதிகாரி, நான் உள்ளே நுழையும்போதே கையை உயர்த்திவிடுவார். "ஹவ் சாப், ஹோ ஜாதா. டென்ஷன் நக்கோ லேவ்." ஆகிவிடுமாம், கவலையே வேண்டாமாம். கவலை வேண்டாம் என்று சிரித்துக்கொண்டு சொல்கிறவனை நம்பாதே. நான் உனக்குச் சொல்லும் புத்திமதிகளில் இது ஒன்றாவது எனக்குச் சொந்த அனுபவம்.

எல்லா ஊரிலும் திறந்தாகிவிட்டதா என்று பார்ப்பதும் என் வேலை. அதற்கு ஒரு பெரிய தாள். இடப்பக்கம் ஊர்கள், மேலே நிறுவனங்கள், நடுவில் கட்டங்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு நிறுவனத்தின் போனிலிருந்தும் நம் எண்ணை டயல் செய்து, மணி அடித்தால் கட்டத்தில் டிக் போட வேண்டும். ஊர் ஊராகப் போகக் காசு தரமாட்டார்கள். அந்தந்த ஊரில் தெரிந்தவரைப் பிடிப்போம். ஓர் ஊரில் பேங்க் குமாஸ்தா, ஓர் ஊரில் மருந்துக்கடைக்காரர். "இந்த நம்பரை ஒரு தடவ போட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்போம். அப்படித்தான் எல்லாக் கம்பெனியிலும் நடந்தது. காசிப்பேட்டையில் எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர். உன் மாமா.

உன் அம்மாவின் அண்ணன் காசிப்பேட்டை ரயில்வே லோகோ ஷெட்டில் வேலை பார்த்தார், வீட்டில் போன் இருந்தது, கேட்டால் சந்தோஷமாகச் செய்திருப்பார். ஆனால் நான் அவரோடு பேசுவதில்லை. காரணம் உனக்குச் சொல்லப்படவில்லை. பெரிய சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பாய். அதெல்லாம் இல்லை. இந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று பந்தியில் அவர் சத்தமாகச் சொன்னார்: "நம்ம மாப்பிள்ளை எங்க வேலை பாக்கறார் தெரியுமா? ஓசி போன் கம்பெனி! கூப்பிடறவன் காசு குடுக்க வேணாம். அதான் மாப்பிள்ளைக்கும் சம்பளம் குடுக்கறதில்ல!" பந்தியே சிரித்தது. நான் பாயசத் தூக்கோடு நின்றேன். அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காக அவர் வீட்டுப் படி ஏறவில்லை, போன் பேசவில்லை. நீயும் அம்மாவும் காசிப்பேட்டைக்குப் போனால் நான் இங்கே தனியாகத் தயிர்சாதம் சாப்பிட்டேன், பெருமையாக.

ஜி.எம். என் மேசைக்கு வந்து நின்று, "ஏமண்டி, இங்கா அவ்வலேதா? சோமவாரம் லாஞ்ச்" என்றார். இன்னும் முடியவில்லையா, திங்கட்கிழமை தொடங்குகிறோம் என்பது அதற்கு அர்த்தம். முதல் வாடிக்கையாளர் ஒரு பெரிய என்ஜினீயரிங் கல்லூரி. அட்மிஷன் நேரத்துக்கு எண் வேண்டும் என்று நின்றார்கள். தாளில் காலிக் கட்டங்கள் இன்னும் சில இருந்தன. ஒவ்வொன்றாகப் போன் செய்து நிரப்பிக்கொண்டு வந்தேன். காசிப்பேட்டை வரி வந்ததும் பேனா நின்றது. உன் மாமாவைக் கூப்பிட வேண்டும். "என்ன மாப்பிள்ளை, ஓசி போனா?" என்று அவர் கேட்பார். அந்தக் குரலை நினைத்த மாத்திரத்தில் காசிப்பேட்டைக் கட்டத்தில் நானே டிக் போட்டேன். அடியில் கையெழுத்தும் போட்டேன். அழகான கையெழுத்து என்று ஆபீசில் எல்லோரும் சொல்வார்கள்.

இனி உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் பக்கத்திலிருந்து. உன் மாமா மகளின் சீமந்தத்துக்கு நீயும் அம்மாவும் காசிப்பேட்டைக்குப் போயிருந்தீர்கள். அங்கேதான் ஒரு நெட் சென்டரில் வெயிட்டிங் லிஸ்டைப் பார்த்தாய். ஐந்து மணிக்குள் அந்தக் கல்லூரியின் எண்ணுக்குப் பேசி சம்மதம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவனுக்கு. அந்த எண் என் குறியீட்டில் நான் திறந்துவைத்த எண். மூன்று மணி வாக்கில் என் ஆபீசுக்குப் போன் செய்தாய். எதிரே ஜி.எம். உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, அந்த நம்பர் போகல. எண் உபயோகத்துல இல்லன்னு வருது."

"எங்கேர்ந்து பண்ற?"

"மாமா வீட்டு லேண்ட்லைன்லேர்ந்து. மாமா மொபைல், அம்மா மொபைல்லயும் டிரை பண்ணேன், எல்லாம் ஒரே கம்பெனி."

"நம்பர் நல்லா வேலை செய்யுது. நான் டெஸ்ட் பண்ணிக் கையெழுத்துப் போட்ட நம்பர். சரியாப் பாத்து டயல் பண்ணு."

"பண்ணேன் அப்பா. லெவன் டைம்ஸ்."

"அப்ப பன்னெண்டாவது தடவ கண்ணைத் திறந்துகிட்டு பண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஜி.எம். சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஜி.எம். பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். அதன் பிறகும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. போன் என் மேசை மேலேயே இருந்தது. நானே கல்லூரியைக் கூப்பிட்டு உன் பெயரையும் விண்ணப்ப எண்ணையும் சொல்லியிருந்தால் ஒரு நிமிட வேலை. செய்யவில்லை. செய்தால் அங்கேயிருந்து எண் போகவில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகும் என்று தோன்றியது. யாரிடம் ஒப்புக்கொள்வது? அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். "எப்படியாவது பண்ணியிருப்பான்" என்று சொல்லிக்கொண்டு ஐந்து மணிக்கு டீ குடித்தேன்.

மறுநாள் காலை, காசிப்பேட்டையையும் சேர்த்துப் பார்க்கும் வாரங்கல் எக்ஸ்சேஞ்சைக் கேட்டேன். "உங்க லெட்டர் டேபிள் மேல இருக்கு சார், இன்னும் ஓபன் பண்ணல" என்றார்கள். காசிப்பேட்டையிலிருந்து நீ ஆயிரம் தடவை டயல் செய்திருந்தாலும் போயிருக்காது. நான் உடனே கல்லூரிக்குப் போய், தவறு எங்களுடையது, சோதனை நடக்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தால் ஒருவேளை உன் இடம் திரும்பியிருக்கும். நான் போனது அமீர்பேட்டுக்கு. அதே பிளாஸ்டிக் நாற்காலி, அதே நக்கோ. இரண்டு நாள் உட்கார்ந்து, மூன்றாம் நாள் காலை குறியீட்டைத் திறக்கவைத்தேன். பிறகு செய்த காரியத்தை நீ கேட்டுவிட்டு என்னைத் திட்டலாம், நான் தடுக்கப்போவதில்லை. உன் அம்மாவின் மொபைலுக்குப் போன் செய்து, "அவனை இப்ப அந்த லேண்ட்லைன்லேர்ந்து டயல் பண்ணச் சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். நீ டயல் செய்தாய். மணி அடித்தது. "பாத்தியா? நம்பர் போகுதா இல்லையா?" என்று கேட்டேன். ரிசீவரை வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நீதான் எங்கோ தப்பாக அழுத்தியிருக்கிறாய் என்று அன்றைக்கு நீயே நம்ப ஆரம்பித்தாய். நான் நம்பவைத்தேன். வாய்விட்டு இரண்டு தடவை ஏன் படிக்கிறாய் என்று அந்தப் பெண் கேட்டாளே, இதுதான் பதில். அவளிடம் இந்தப் பத்தியைத் திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொல்.

உன் அம்மாவுக்கு விவரம் தெரியாது. ஆனால் அவள் அன்றே சொன்னாள்: "பிள்ளை ஒண்ணு சொல்றான், நம்பர் ஒண்ணு சொல்லுது. நீங்க யோசிக்காம நம்பர் பக்கம் போய் நின்னுக்கிட்டீங்க." அதன் பிறகு பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு விசேஷத்திலும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்தேன். முதலில் யாரும் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக. பிறகு பழக்கமாகிவிட்டது. உன் மாமா என்னைப் பந்தியில் கேலி செய்தது ஒரே ஒரு தடவை. அதை நான் மன்னிக்கவில்லை. உன்னை நான் எத்தனை பந்தியில் கேலி செய்தேன் என்று எண்ணிப் பார்த்தேன், முடியவில்லை.

எனக்குத் தண்டனை கிடைக்கவில்லை என்று நினைக்காதே. காசிப்பேட்டைப் பக்கத்து வேறு பெற்றோர்கள் சிலரிடமிருந்தும் புகார் வந்தது. ஜி.எம். அந்தத் தாளை என் முன்னால் போட்டு, "சைன் மீதே கதா?" என்றார். கையெழுத்து உங்களுடையதுதானே என்றார். அவசரப்படுத்தியது அவர் என்று எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. என்னைப் புகார்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். இரண்டு வருடத்தில் அவர் போட்டி நிறுவனத்துக்குத் தாவினார், அந்தக் கல்லூரியும் அவரோடு போயிற்று. பழைய எண்ணை விட்டுவிட்டுப் பலகைகளில் எல்லாம் புது எண்ணை எழுதினார்கள். உப்பல் சாலையில் அந்தப் பெரிய பலகையில் என் மூன்று இலக்கங்களின் மேல் வெள்ளை அடிப்பதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். பிறகு எங்கள் நிறுவனத்தையே விற்றார்கள், என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜி.எம்.மை நான் இன்றும் மன்னிக்கவில்லை, அமீர்பேட் நக்கோக்காரனையும் இல்லை, டெல்லிக்காரர்களையும் இல்லை. திருந்திவிட்டேன் என்று சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் எல்லோரும் என் திட்டுக்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் அந்த அறையில் அவர்களில் ஒருவரும் இல்லை.

போன வாரம் உன் மாமாவுக்குப் போன் செய்தேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகு. குரல் தளர்ந்திருக்கிறது. "யாரு?" என்றார். சொன்னேன். ஒரு தடவை இருமினார். பிறகு, "என்ன மாப்பிள்ளை, ஓசி போனா?" என்றார். எதற்குப் பயந்து அன்று போன் செய்யாமல் விட்டேனோ, அதே வார்த்தை. கேட்டபோது ஒன்றும் ஆகவில்லை. இதற்குத்தானா என்று இருந்தது. டிக் போட்ட விஷயத்தைச் சொன்னேன்.

"பையன் டயல் பண்ணப்போ நான் பக்கத்துலயேதான் நின்னேன் மாப்பிள்ளை. ஒவ்வொரு நம்பரா நான்தான் படிச்சுச் சொன்னேன். பதினொண்ணு இல்ல, பன்னெண்டு. உங்ககிட்டப் பேசிட்டு வந்து அழுதான். கடைசி ஒண்ணு நான் போட்டுப் பாத்தேன்" என்றார்.

"அன்னிக்கு உங்களத்தான் கேட்டிருக்கணும்" என்றேன்.

"கேட்டிருந்தா அரை நிமிஷம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "பந்தியில சொன்ன ஒரு வார்த்தைக்கா மாப்பிள்ளை? ஒரு வார்த்தைக்கா?"

அவர் கல்யாணத்துக்கு வருகிறார். அவரை என் பக்கத்தில் உட்காரவைத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. எப்படியும் நான் பேசப்போவதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கேட்டால் கேள். உன் மாமனாரோ மச்சினனோ பந்தியில் உன்னைக் கேலி செய்தால், இலையிலிருந்து எழாதே. அங்கேயே, அப்போதே, நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டுச் சோற்றைச் சாப்பிடு. வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வராதே. நான் எடுத்துக்கொண்டு வந்தேன், பில்லை நீ கட்டினாய்.

நீ தமிழ் படிக்கமாட்டாய். கான்வென்டில் சேர்த்து உன்னைத் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பதில் சொல்லவைத்ததும் நான்தான். அதற்கும் உன்னையே குறை சொன்னேன். அந்தப் பெண் படிப்பாள். நம் பக்கத்துத் தமிழர்கள் நடத்தும் மாத இதழை அவள் இப்போதே சந்தா கட்டி வாங்குகிறாள் என்று உன் அம்மா சொன்னாள். அதற்குத்தான் இதை அனுப்புகிறேன். உன் காதோடு சொல்லியிருக்கலாமே என்பாய். கேலியை ஊரைக் கூட்டி வைத்துச் செய்தேன். அந்தப் பந்திகளில் சிரித்தவர்களில் பாதிப் பேர் இந்த இதழைப் படிக்கிறவர்கள். அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்: என் மகன் சரியாகத்தான் டயல் செய்தான்.

உறை எழுதியாகிவிட்டது. இதழ்க்காரர் பெயர் போடச் சொல்லுவார். உன் பெயரையும் எழுதவில்லை, யார் பெயரையும் எழுதவில்லை. கோழைத்தனம் என்று அந்தப் பெண் சொன்னால் இருக்கட்டும். அந்தத் தாளில் என் கையெழுத்து இருந்தது, அது பொய். இதில் எழுதியது அத்தனையும் நடந்தது. பேனாவை மூடிவிட்டேன். கையெழுத்துப் போடாமலேயே தபாலில் சேர்க்கப்போகிறேன்.